பன்றி ரூபாயின் விலை

என் ஆயுசில் நான் மனதார வெறுத்த மிருகம் ஒன்று உண்டென்றால் அது ஒரு பன்றி. கடுகளவுதான் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதுவும் நிஜத்தில் பன்றி இல்லை, யானை.

விஷயம் இதுதான். 1911 என்று வருஷம் போட்ட வெள்ளி ரூபாயில் மன்னர் ஓர் அங்கி போட்டிருப்பார். அங்கியின் மேல் ஒரு பதக்கச் சங்கிலி, அந்தச் சங்கிலியில் ஒரு யானை. அச்சு வெட்டியவன் தும்பிக்கையைக் குட்டையாக விட்டுவிட்டான். பார்த்த ஜனங்கள் இது யானையில்லை, பன்றி என்று முகம் சுளித்தார்கள். சர்க்கார் பயந்துபோய், வெளியே விட்டது போக மீதியை உருக்கிவிட்டு, மறு வருஷம் தும்பிக்கையை நீட்டி வேறு அச்சில் அடித்தது. உருக்காமல் தப்பி வந்ததில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து எங்கள் உயிரை வாங்கியது.

கொண்டுவந்தவர் என் அப்பா. நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். திண்டிவனம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊர்ப்பட்ட காசு அவர் கை வழியாகத்தான் போகும். ஒவ்வொரு ரூபாயையும் ஜன்னலுக்குக் கீழே இருந்த கருங்கல் பலகையில் ஒரு தட்டு தட்டி, சத்தம் கேட்டுத்தான் வாங்கிப் போடுவார். கள்ள ரூபாய் வந்துவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதால் குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. நைனா அதோடு நிற்கவில்லை. பழைய ரூபாய் எது வந்தாலும் தன் பையிலிருந்து ஒரு ரூபாயைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். மயிலத்தில் பங்குனி உத்திரம் என்றால் அவருக்குக் கொண்டாட்டம். சாமி பார்க்கப் போகிற ஜனங்கள் பானையிலும் பரணிலும் கிடந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வருவார்கள். ராணி தலை போட்டது, வழுக்கைத் தலை ராஜா போட்டது, கும்பெனிக் காலத்துச் செம்புக் காசு என்று பை நிறைய வீட்டுக்கு வரும். அந்த மாதம் அரிசிக்கு அம்மா பக்கத்து வீட்டில் போய் நிற்பாள்.

ஆரம்பத்தில் இது வெறும் ஆசையாகத்தான் இருந்தது. முப்பத்தைந்திலோ முப்பத்தாறிலோ ஒரு நாள், ரயிலுக்குக் காத்திருந்த பட்டணத்து வக்கீல் ஒருவர் ஜன்னல் வழியாக நைனா காசு பொறுக்குவதைப் பார்த்துவிட்டார். அவரும் பழங்காசுப் பித்துப் பிடித்தவர். நைனா சட்டைப்பையிலிருந்து பன்றி ரூபாயை எடுத்துக் காட்டியதும் வக்கீலின் முகம் மாறியது என்று நைனா பிற்பாடு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். வக்கீல் இருபத்தைந்து ரூபாய் தருவதாகச் சொன்னார். ஒரு ரூபாய்க்கு இருபத்தைந்து ரூபாய்! வேறு எவனாவது இருந்தால் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பான். நைனா தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"கேட்ட ஒடனே இருபத்தஞ்சு குடுக்க வர்றான்னா இன்னா அர்த்தம்? அறுபது பெறும்னு அர்த்தம்" என்றார்.

அந்தக் கணக்கில் என்ன நியாயம் என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பம்பாயிலிருந்து ஒரு காசு வியாபாரியின் விலைப்பட்டியலைத் தபாலில் வரவழைத்தார். பட்டியலில் ஒவ்வொரு காசுக்கும் எதிரே இரண்டு விலை போட்டிருந்தது. தேய்ந்து போனதற்கு ஒரு விலை, நாணயச் சாலையிலிருந்து நேராக வந்த மாதிரி இருப்பதற்கு ஒரு விலை. நைனாவின் கண்ணுக்கு இரண்டாவது விலை மட்டும்தான் தெரியும். மன்னரின் மூக்கே இல்லாத காசைக்கூடப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "காதுக்கு மேல முடி தெரியுது பாரு. சுத்தமான காசு" என்பார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாக் காசுகளையும் எழுதி, எதிரே விலை எழுதி வைத்தார். ஒவ்வொரு சித்திரை முதல் தேதியும் சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து எல்லா விலையையும் ஏற்றி எழுதுவார். எந்த வருஷமும் எந்தக் காசும் ஒரு பைசா இறங்கியதில்லை.

சரி, ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டு போகட்டும் என்று விடலாம். ஊர் விடவில்லை. டிக்கெட் குமாஸ்தாவுக்குப் பழங்காசு விலை தெரியும் என்ற பேச்சு பரவி, சுற்றுப்பட்டு ஜனங்கள் முந்தானையில் முடிந்துகொண்டு வர ஆரம்பித்தார்கள். வல்லம் பக்கத்திலிருந்து ஒரு குடியானவர் கிணறு வெட்டும்போது கிடைத்த பன்னிரண்டு கும்பெனிக் காசுகளோடு வந்தார். நைனா பார்க்க ஆசையாகக் கேட்டபோது அவர் பெருமையாகச் சொன்னார்: "பச்சையா பாசி புடிச்சிக் கெடந்துதுங்க. எங்க வூட்டுக்காரி புளியும் சாம்பலும் போட்டு நல்லா தேச்சிட்டா. பளபளன்னு இருக்குது பாருங்க."

நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தப் பாசிதான்யா வெல! அறுநூறு ரூபா சொத்த புளியப் போட்டுக் கழுவிட்டீங்களே!"

அந்த மனிதர் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியை என்ன பாடு படுத்தினாரோ தெரியாது. "தேச்ச பிறகும் முந்நூறுக்குக் குறையாது" என்று நைனா ஆறுதலாகச் சொல்லியனுப்பியதுதான் வினையாகப் போயிற்று. நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கணக்கெழுதிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே குடியிருந்தேன். மாசி மாசம் மூட்டை வந்து குவிகிற நேரத்தில் அந்தக் குடியானவர் மண்டிக்கே வந்து நின்றார். ஒருத்தரும் முந்நூறு தரவில்லை, முப்பதும் தரவில்லை. உங்கள் நைனா சொன்ன விலைக்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். முதலாளி பார்க்கிறார், தராசுக்காரன் பார்க்கிறான். நான் என்ன பதில் சொல்வது? இப்படி ஒருத்தர் இல்லை, வருஷத்துக்கு ஏழெட்டுப் பேர். நைனா விலை சொல்வார், ஜனங்கள் விற்கப் போய் அவமானப்பட்டு என்னிடம் வருவார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறும். ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்குப் போய்ச் சண்டை போடுவேன்.

"உனக்கு இன்னாடா தெரியும் காசப் பத்தி? நீ மல்லாட்டை எண்றவன்" என்பார்.

மல்லாட்டையை யாரும் எண்ணுவதில்லை, நிறுப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவேன்.

இதையெல்லாம் ஒரு பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், என் தங்கை மட்டும் இல்லாதிருந்தால். அவளுக்குப் பதினாறு வயதில் கல்யாணமாயிற்று. ஒன்றரை வருஷத்தில் புருஷன் விஷஜுரத்தில் போய்விட, வெறுங்கழுத்தோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். எட்டாவது தேறியவள். மூலையில் உட்கார்ந்து அழுகிற சுபாவம் அவளுக்கு இல்லை. கடலூரில் பெண்களுக்கு ஓர் உபாத்தியாயினிப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, விடுதியில் தங்கி இரண்டு வருஷம் படித்தால் வேலை கிடைக்கும், அங்கே சேர்த்துவிடுங்கள் என்றாள். அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் அவள் கேட்டதில்லை. சேரும்போது கட்டணம், விடுதிக்கு முன்பணம், துணிமணி எல்லாம் சேர்த்து நூற்றிருபது ரூபாய் வேண்டியிருந்தது. என் சம்பளம் இருபத்திரண்டு. அதில் நாலு வயிறு. மண்டி முதலாளியிடம் முன்பணம் கேட்கிறேன் என்று சொன்னேன்.

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு வாசல்லயும் போய் நிக்கவேணாம். பன்னி இருக்குது. அதப் போட்டா ரெண்டு வருசமும் படிச்சிட்டு வந்துடுவா."

அவ்வளவுதான். அந்தப் பேச்சில் என் முன்பணமும் போயிற்று, தங்கையின் காலமும் போயிற்று. ஏனென்றால் பன்றியைப் போடுவது என்பது நடக்கிற காரியமே இல்லை. புதுச்சேரியிலிருந்து ஒரு நகைக்கடைக்காரர் தேடிவந்து அறுபது தருகிறேன் என்றார். அறுபது கேட்கிறான் என்றால் நூற்றைம்பது பெறும் என்று நைனா அனுப்பிவிட்டார். மறு சித்திரையில் நோட்டில் இருநூறு ஆயிற்று. யுத்தம் வந்தது, யுத்தத்தில் எல்லாம் விலை ஏறும் என்று முந்நூறு ஆயிற்று. தங்கை ஒவ்வொரு ஆனி மாசமும் பள்ளி திறக்கிற செய்தியைக் கேட்டுக்கொண்டு, பன்றி ரூபாய் வைத்திருந்த மூக்குப்பொடி டப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பஞ்சு வைத்து, அதன் மேல் அந்த ரூபாயைப் படுக்கவைத்து, டப்பியை மூடி, பெட்டிக்குள் ஒரு மூலையில் வைத்திருந்தார் நைனா. கைக்குழந்தையைக்கூட அப்படிப் படுக்கவைக்க மாட்டார்கள்.

இதற்குள் நாட்டில் சில்லறையே இல்லாமல் போயிற்று. கடையில் மீதி கேட்டால் தபால் தலையைக் கிழித்துக் கொடுத்தார்கள். வெள்ளி ரூபாய்க்குப் பதில் காகித ரூபாய் வந்தது. ராணி ரூபாய் செல்லாது என்று தண்டோரா போட்டார்கள். புது ரூபாயில் பாதிதான் வெள்ளி என்றார்கள். காசைப் பதுக்கிவைத்தால் போலீஸ் வரும் என்று பேச்சு கிளம்பியதும் நான் பயந்துபோய் ஓடினேன். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "வரட்டுமே. பெட்டியும் போவட்டும், பெட்டிக்காரரும் போவட்டும். நான் நிம்மதியா நாலு நாளு தூங்கறேன்." போலீஸ் எங்கள் தெருப்பக்கம்கூட வரவில்லை.

தங்கைக்கு இருபத்தொன்று முடிந்தது. இருபத்திரண்டு வயதுக்கு மேல் சேர்க்கமாட்டோம் என்று பள்ளியிலிருந்து எழுதிவிட்டார்கள். இந்த வருஷம் விட்டால் அப்புறம் இல்லை. நான் வெட்கத்தை விட்டு, அந்தப் பழைய பட்டணத்து வக்கீலின் விலாசத்தைத் தேடிப் பிடித்து நானே கடிதம் போட்டேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. இன்ன தேதியில் திருச்சி போகிறேன், விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி அரைமணி நேரம் நிற்கும், ரூபாயைக் கொண்டுவாருங்கள், பார்த்து நியாயமான விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதினார்.

நான் எல்லாவற்றையும் திட்டம் போட்டேன். கடலூருக்கு விழுப்புரத்தில்தான் வண்டி மாறவேண்டும். நைனா ரூபாயோடு வருவது, தங்கை பெட்டியோடு வருவது, விற்ற பணத்தை அங்கேயே வாங்கி, அடுத்த வண்டியில் நானே அவளைக் கடலூரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது. அன்றைக்கு அவள் தகரப் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றாள். வெள்ளைப் புடவையைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்தாள். ஒரு பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வக்கீல் வண்டியிலிருந்து இறங்கி, ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து, தன் சொந்தக் கண்ணாடியை எடுத்து ரூபாயைப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பன்றியேதான், சந்தேகமில்லை. ஆனால் விளிம்பில் ஓர் அடி விழுந்திருக்கிறதே. யாரோ கல்லில் தட்டிப் பார்த்திருக்கிறார்கள்" என்றார்.

யாரோ! நான் நைனாவைப் பார்த்தேன். நைனா தண்டவாளத்தைப் பார்த்தார்.

அடிபட்டிருந்தாலும் பரவாயில்லை, நூற்றிருபத்தைந்து ரூபாய் தருகிறேன் என்றார் வக்கீல். நான் சாமியை நினைத்துக்கொண்டேன். நூற்றிருபது வேண்டியிருந்தது, நூற்றிருபத்தைந்து வருகிறது. வக்கீல் சட்டைக்குள் கையை விட்டு நோட்டுகளை எடுக்கக்கூட ஆரம்பித்துவிட்டார். நைனா மெல்ல மடியிலிருந்து பம்பாய் விலைப்பட்டியலை எடுத்து அவர் முன்னால் விரித்தார்.

"இதுல போட்டிருக்குதுங்க. யுத்தத்துக்கு முன்னாடி போட்ட வெல. இப்போ நானூறாவது இருக்குமுங்க."

வக்கீல் பொறுமையாகச் சொன்னார்: அந்த விலை அடிபடாத ரூபாய்க்கு, அதுவும் வியாபாரி விற்கிற விலை, வாங்குகிற விலை இல்லை. நைனா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "முந்நூத்தம்பது குடுங்க" என்றார். நான் நைனாவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். காலை மிதித்தேன். "நைனா, வண்டி நிக்குது, அவளும் நிக்குறா" என்று காதில் சொன்னேன். "ஜல்தியில விக்கறவன்தான்டா ஏமாறுவான்" என்று என் காதில் திருப்பிச் சொன்னார். வண்டி ஊதிற்று. வக்கீல் எழுந்து, நோட்டுகளை உள்ளே வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து வருத்தமாகத் தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

தங்கை, கடலூர் வண்டி வந்து நின்று, புறப்பட்டுப் போகும்வரை அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே நின்றாள். பிறகு பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு திண்டிவனம் வண்டிக்கு நடந்தாள். நைனா பின்னால் போய்க்கொண்டே, "நூத்தி இருபத்தஞ்சு குடுக்கறான்னா இன்னா அர்த்தம்" என்று ஆரம்பித்தார். நான் பிளாட்பாரத்தில் நின்றபடி, அத்தனை பேர் நடுவில், பெற்ற தகப்பனைப் பார்த்து, "நீ மனுசனா?" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவில்லை. பேசாமல் இருந்தது பதினெட்டு நாள்.

பத்தொன்பதாம் நாள் காலையில் திண்டிவனத்திலிருந்து ஆள் வந்தான். நைனா குளித்துவிட்டு வந்து துண்டைப் பிழிந்தவர், அப்படியே உட்கார்ந்து போய்விட்டார். நான் வண்டி பிடித்துப் போய்ச் சேரும்போது உச்சிப் பொழுது. முண்டியம்பாக்கத்தில் வண்டி சும்மா நின்றபோது நான் அழுதேன். அவர்மேல் இருந்த கோபம் அப்போதும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் எல்லாம் தயாராகி ஒரே ஒரு விஷயத்தில் நின்றிருந்தது. எங்கள் பக்கத்தில் இறந்தவரின் நெற்றியில் சந்தனம் குழைத்து ஒரு ரூபாய்க் காசு ஒட்டுவார்கள். சுடுகாட்டில் அதை வெட்டியான் எடுத்துக்கொள்வான். அது அவனுக்குச் சேர வேண்டிய உரிமை. தெரு முழுக்கத் தேடியும் ஒரு வெள்ளி ரூபாய் கிடைக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் காகிதம்தான். காகிதத்தை நெற்றியில் ஒட்ட முடியுமா? பாதி வெள்ளியில் வந்த புது ரூபாய் ஒன்றை யாரோ கொண்டுவந்தார்கள். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் ஆயுசு பூரா காசு காசுன்னு இருந்தவன். அவன் நெத்தியில கலப்படத்த வெக்கறதா? பெட்டியில இல்லாத வெள்ளியா? எடுத்துக்கினு வாடா."

பெட்டியை நான்தான் திறந்தேன். ஒவ்வொரு காசும் சின்னச் சின்னக் காகிதத்தில் மடித்து, மேலே நைனாவின் குண்டு குண்டான கையெழுத்தில் விலை எழுதியிருந்தது. முதலில் எடுத்ததில் பதினெட்டு என்று இருந்தது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். பன்னிரண்டு. அதற்கடுத்தது முப்பது. நான் ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்து, மூக்கைப் பார்த்து, வருஷத்தைப் பார்த்து, இது வேண்டாம், இது கொஞ்சம் அதிகம் என்று ஒதுக்கிக்கொண்டு போனேன். சந்தனம் கிண்ணத்தில் காய்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கடைசியில் விலையே எழுதாத, 1918 போட்ட, தேய்ந்த ஒரு ரூபாய் கிடைத்தது. திரும்பினால் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையை நீட்டினாள், கொடுத்தேன். "போ, போய் மேல தண்ணிய ஊத்திக்கினு வா" என்றாள். நான் குளித்துவிட்டு வந்தபோது நைனாவின் நெற்றியில் காசு ஒட்டியிருந்தது. மேலே குங்குமமும் வைத்திருந்தார்கள்.

சுடுகாட்டில், எரு மூடுவதற்கு முன்னால் வெட்டியான் குனிந்து அந்தக் காசை எடுத்தான். எனக்கு மூத்தவன், ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருந்தான். ஒட்டியிருந்த சந்தனத்தைத் துண்டில் துடைத்துவிட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தான். நான் இரண்டடி தள்ளிக் கொள்ளிக்குடத்தோடு நிற்கிறேன். காசின் பின்பக்கம் என் பக்கம் திரும்பியது. 1911.

"அத இப்படிக் குடு, பாக்கணும்" என்றேன்.

"வெள்ளிதாங்க, நல்ல வெள்ளி" என்று காட்டினான். விளிம்பு, சங்கிலி, குட்டைத் தும்பிக்கை. சந்தேகமே இல்லை.

"இதுக்குப் பதிலா வேற ரூபா தர்றேன். ரெண்டு தர்றேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா சாமி, நெத்திக்காசுக்குப் பேரமா? நீங்க கேட்டா குடுத்துடறேன். பொணத்து நெத்தியில இருந்தத வூட்டுக்கு எடுத்துக்கினு போவீங்களா?"

பெரியப்பா, தெருக்காரர்கள், ரயில்வே ஆட்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றேன். மனசு கேட்கவில்லை. அவனாவது பிழைக்கட்டும் என்று, "அத சும்மா வித்துடாதே. பட்டணத்துல அதுக்கு நூறு ரூபாய்க்கு மேல குடுப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவன் சிரித்துவிட்டான். அந்த இடத்தில், அந்த நேரத்தில் சிரித்தான். அவன்மேல் தப்பு இல்லை. "உங்க நைனா என் தம்பி காசுக்குக்கூட எம்பது ரூபான்னு சொன்னாருங்க. அத எடுத்துக்கினு எவ்ளோ பேஜாருபட்டான்! இத வெச்சி நாளைக்குக் கேப்பை வாங்கினாத்தான் எங்க வூட்ல அடுப்பு எரியும்." காசை மடியில் செருகிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனான். நான் மூன்று முறை சுற்றிவந்து கொள்ளி வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பெட்டியைத் திறந்து மூக்குப்பொடி டப்பியைப் பார்த்தேன். பஞ்சின் மேல் 1918 படுத்திருந்தது. அவசரத்தில், அழுகையில், எழுத்துத் தெரியாத அம்மா மாற்றி எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். தாலி இழந்தவளிடம் அன்றைக்கே கேட்கக்கூடாதுதான். என்னால் முடியவில்லை. "டப்பியில இருந்தது எது தெரியுமா? அதத்தான் நீ எடுத்து வச்சிட்டே" என்றேன்.

"தெரிஞ்சிதான் வெச்சேன்" என்றாள் அம்மா.

டப்பியை என் கையிலிருந்து வாங்கி மூடினாள்.

"அப்பன் பொணம் கெடக்குது. நீ பெட்டிக்கு முன்னால குந்திக்கினு, இது ஜாஸ்தி, இது கம்மின்னு ஒண்ணொண்ணா பொரட்டிக்கினு இருந்தே. தலைய அவரு மாதிரியே சாய்ச்சிக்கினு இருந்தே. எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சி. இந்த வூட்ல ஒருத்தரோட போதும்டா."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவரிடம் நான் போட்ட சண்டையெல்லாம் என் கண் முன்னால் வந்தது. இத்தனை வருஷமும் அந்தக் காசுகளின்மேல் எனக்கு வெறுப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெறுப்பில்லை. நைனா எழுதிய விலையை நானும் முழுக்க நம்பியிருந்தேன். நம்பாமலா அவர் நெற்றிக்கு மலிவான காசைத் தேடினேன்? வெட்கத்தில் அன்று நான் சாப்பிடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பள்ளியில் சேர்த்துக்கொள்ளும் கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது, அம்மா பெட்டியைக் காட்டி, "இதக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க" என்றாள். நானும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனோம். வெள்ளிக் கடைக்காரர் மன்னர் யார், வருஷம் என்ன, மூக்கு இருக்கிறதா இல்லையா எதையும் பார்க்கவில்லை. காகிதங்களைப் பிரித்துக் குப்பையாகத் தள்ளச் சொன்னார். செம்பைத் தனியே ஒதுக்கினார். வெள்ளியை வாரித் தராசில் கொட்டி, யுத்த காலத்து விலையில் எடைக்குக் கணக்குப் போட்டார். பதினெட்டு, முப்பது என்று எழுதிய காகிதங்கள் காலடியில் கிடந்தன.

நூற்றெண்பத்தாறு ரூபாய் எண்ணி வைத்தார்.

நான் அதைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் வாங்கி ஒருமுறை எண்ணினாள். வெயிலில் நடந்து பாதித் தெரு வந்தபிறகு நின்றாள்.

"ண்ணா, ரூபா ரூபாவா இத்தினியும் பெட்டியிலதான் இருந்துச்சா? நாம ஜங்சன்ல நின்ன அன்னிக்கும்?"

"இருந்துச்சி" என்றேன்.

"அதுக்கு முன்ன வருசம்? அதுக்கும் முன்ன?"

"இருந்துச்சிம்மா" என்றேன்.